பெயர் படத்துக்குள் இருக்கட்டும்
எங்கள் மரக்காணம் உப்பளத்தில் எடுத்த படங்களெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: பாத்தி, வரப்பு, வெள்ளைக் குவியல். எந்த வருடம், யாருடைய பாத்தி என்று எழுதாவிட்டால் பின்னால் எடுத்தவருக்கே தெரியாது. ஆகவே போட்டோ சாப்ட்வேர் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் எழுதும் பெயர் எங்கே பதிவாகிறது?

பலரும் விரும்பிய பிகாசாவைக் கூகுள் 2016இல் நிறுத்தியது. ஜேபெக் பைலுக்குள் பதிவான கேப்ஷன்கள் தப்பின. ஆல்பப் பிரிவுகள் தனியே இருந்ததால் மற்ற சாப்ட்வேர்கள் பலவற்றுக்கு அவை தெரியவில்லை.

நான் சொல்வது இலவசமான டிஜிகாம். செட்டிங்ஸ் மெனுவில் கன்பிகர் டிஜிகாம் சென்று, மெட்டாடேட்டா பகுதியில், டேக்குகளைப் படத்திலேயே எழுத டிக் செய்யுங்கள். ஒரு ஜேபெக் படத்துக்குப் பெயரிட்டு, பென் டிரைவில் வேறு விண்டோஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போங்கள். (வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இவ்விவரங்கள் நீங்கிவிடும்!) ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், டீட்டெய்ல்ஸ். டேக்ஸ் வரியில் நீங்கள் எழுதிய பெயர் தெரிய வேண்டும்.