தேர்வுக்கு ஒரு பக்கம்: கிளாரினெட் மாணவருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பேண்டு தேர்வில் கிளாரினெட்டுக்குக் கொடுக்கப்படும் பகுதி பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. அதைக் கேட்கும் நடுவர்களின் காது முதலில் காலப்பிரமாணத்தில்தான் நிற்கும். வேகம் அதற்கு அப்புறம். சற்று நிதானமாக வாசித்தவரை மன்னிப்பார்கள், ஓடி ஓடித் தடுக்கியவரை மன்னிப்பது அரிது.

‘கோடை நள்ளிரவுக் கனவு’ நாடகத்துக்காக மெண்டல்சன் 1842-இல் எழுதிய ஸ்கெர்ட்ஸோ இத்தகைய தேர்வுகளில் அடிக்கடி வரும் பகுதி. நாடகத்தின் முதல் அங்கம் முடிந்து, வனதேவதைகள் மேடைக்கு வருவதற்கு முன் ஒலிப்பது அது. ஒலி சன்னமாகவும் துள்ளலாகவும் இருக்க வேண்டியதன் காரணம் அதுவே. முழு இசையையும் கேட்காமல் தன் பக்கத்தை மட்டும் உருப்போடுபவர் சரியான ஸ்வரங்களைக் கனத்த நாக்கோடு வாசித்துவிட்டு வருவார்.

தாளம் 3/8. ஒரு அளவுக்கு ஒரே தட்டு. நிமிடத்துக்கு 80-க்கு மேல் தட்டுகள் என்பது வழக்கமான வேகம். பயிற்சியை அதில் பாதியளவில் தொடங்கலாம். முதலில் நாக்கே படாமல் எல்லா ஸ்வரங்களையும் இழைத்து வாசிக்க வேண்டும். விரல்களின் சீரின்மை அப்போது ஒளிய இடமில்லாமல் வெளிப்படும், குறிப்பாகக் கீழ்ப் பதிவிலிருந்து மேற்பதிவுக்குத் தாண்டும் இடத்தில். அது சீரான பின்னரே நாக்கு. நாக்கின் நுனி ரீடின் நுனியைத் தொட்டால் போதும். காற்று இடையில் அறுபடக்கூடாது. வாசிப்பு தடுமாறும்போது பழி நாக்கின் மேல் விழுந்தாலும், விரல் அதனோடு சேராததே பெரும்பாலும் காரணம். மெட்ரோனோமைச் சிறிது சிறிதாக ஏற்றி, மூச்செடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் மாறும் மூச்சு தாளத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

ரீடு விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. மூன்று நான்கு ரீடுகளைச் சில நாள் மாற்றி மாற்றி வாசித்துப் பழக்கி வைத்தால், தேர்வு நாளின் ஈரப்பதத்துக்கு ஒன்றாவது இணங்கும். குளிர்ந்த கருவியின் சுருதி தாழ்ந்திருக்கும். உள்ளே போகுமுன் ஊதிச் சூடாக்க வேண்டும்.

கடைசி வாரத்தில், நாளின் முதல் வாசிப்பாக அந்தப் பகுதியை ஒரே ஒரு முறை வாசித்துப் பதிவு செய்து கேட்பது பயன் தரும். தேர்வறையிலும் இரண்டாம் வாய்ப்பு எப்போதாவதுதான் கிடைக்கும். அங்கே நடுவர்கள் திரைக்குப் பின்னால் இருக்கலாம். தொடங்குமுன் இரண்டு அளவுகளை மனதுக்குள் எண்ணிக்கொள்ள யாரும் தடை சொல்வதில்லை. ஒரு ஸ்வரம் தவறினால் திரும்பிப் போய்த் திருத்தாமல் அடுத்த அளவுக்கு நகர்ந்துவிட வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்