வீட்டில் ஒரு பவளக்கடல்

கடற்கரையினின்று விலகிய ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் முதலிய ஊர்களில் வாழ்வோரும் கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்த்தல் கூடும். சுத்திகரித்த நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை கரைத்து, வெப்பத்தை 25 டிகிரி சென்டிகிரேடு அளவில் நிறுத்துக. சமையலுப்பு இதற்கு உதவாது. பவளத்திற்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் போதிய அளவு இரா.

நீர் தெளிந்தவுடன் மீனை விடலாகாது. மீன்கழிவினின்று பிறக்கும் அம்மோனியா மீனுக்கே நஞ்சாம். அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் பெருகுதல் வேண்டும். வெறுந்தொட்டியில் சிறிது மீனுணவு இட்டுவரின், 4 முதல் 6 வாரங்களில் அவை பெருகும். அதுகாறும் பொறுத்தலே முதற்பாடம்.

நிற்க. மன்னார் வளைகுடாப் பவளத்தைப் பெயர்த்தல் குற்றமாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2001 முதல் அதனையும் காக்கின்றது. செயற்கைக் கல்லே நமக்குப் போதும். கடலைக் காண விழைவோர் கடலைச் சிதைத்தல் தகுமோ?