முதலில் கமாண்ட், பிறகு ஏர்பஸ்

பம்மல்

அன்புள்ள கார்த்திகாவுக்கு,

மாமா எழுதுவது. நேற்று அக்கா வந்திருந்தாள். பெரிய கம்பெனியில் ஏர்பஸ் ஓட்டக் கூப்பிட்டும் நீ யோசித்துக்கொண்டே இருக்கிறாய் என்று அவளுக்கு வருத்தம். நீயும் என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டாய். போனில் பேசினால் பாதியை விட்டுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

போகத்தான் வேண்டும், கண்ணு. ஆனால் இப்போது வேண்டாம். நீ இப்போது ஓட்டும் ஏடிஆரிலேயே கமாண்ட் வாங்கி, கேப்டனின் இடது சீட்டில் ஒரு வடகிழக்குப் பருவமழையையாவது ஓட்டிப் பார்த்துவிட்டுப் போ.

மீனம்பாக்கத்தில் முப்பது வருடம் இன்ஜினையும் லேண்டிங் கியரையும் பார்த்தவன் நான், பைலட் இல்லை. ஆனாலும் ஒரு நவம்பர் மாலை ஏடிஆர் காக்பிட்டின் ஜம்ப் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். நல்ல மழை, பக்கவாட்டுக் காற்று. ஏர்பஸ்ஸில் வேகத்தைப் பிடித்துவைக்க ஆட்டோ த்ரஸ்ட் இருக்கிறது. ஏடிஆரில் அது கிடையாது. கேப்டன் பவர் லீவரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். வேகம் காட்டும் எண் அப்படியே நின்றது. ஓடுபாதைக்குச் சற்று மேலே, ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏற்றினார். அந்த ‘வேண்டாம்’ சொல்கிற அதிகாரம்தான் கமாண்ட். கோ-பைலட்டின் வலது சீட்டில் எத்தனை ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்தாலும் அந்தப் பொறுப்பு உன் தலையில் விழாது. மீனம்பாக்கத்துப் பெரிய ஓடுபாதையில் பாதி நீளம்தான் சேலத்தில், சுமார் 1,800 மீட்டர். அங்கே நீயே முடிவெடுத்து இறங்கிப் பழகு. பிறகு எந்த விமானத்தையும் கற்றுக்கொள்ளலாம்.

சீனியாரிட்டி போய்விடும் என்று உன் நண்பர்கள் சொல்வது உண்மைதான். உனக்கு ஒரு நாள் முன்னால் சேர்ந்தவன் கடைசிவரை உனக்கு முன்னால்தான் நிற்பான். இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2017 விதிப்படி கோ-பைலட்டுக்கு ஆறு மாத நோட்டீஸ், கமாண்டருக்கு ஒரு வருடம். ஆக, கமாண்ட் வாங்கும் காலத்தையும் சேர்த்தால், நான் சொல்கிற வழியில் இரண்டு வருடத்துக்கு மேலேயே ஆகும். உனக்கு வயது இருபத்தேழு. அந்த இரண்டு வருடத்தைக் கொடு.

வாய்ப்பு ஓடிவிடாது. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. 2025 டிசம்பரில் புதிய ஓய்வு நேர விதிகளுக்குத் தேவையான பைலட்டுகள் இல்லாமல் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்ததையும் பார்த்தாய். ஆள் தேவை இருந்துகொண்டேதான் இருக்கும்.

பெரிய கம்பெனி என்றால் பத்திரம் என்று மட்டும் நினைக்காதே. நம்ம ஊர் பாரமவுண்ட் 2010-ல் நின்றது, கோயம்புத்தூர் ஏர் கார்னிவல் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. சரி, அவை சின்னவை. கிங்ஃபிஷர் 2012-ல், ஜெட் 2019-ல், கோ ஃபர்ஸ்ட் 2023-ல் நின்றனவே, அவை சின்னவையா?

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். நீ இருக்கும் இடத்தில் இரண்டு மாதம் சம்பளம் நின்றால், நான் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு நோட்டீஸைக் கொடு. நான் இருந்த ஒரு கம்பெனியில் ‘அடுத்த மாதம், அடுத்த மாதம்’ என்றார்கள். நம்பி எட்டு மாதம் காத்திருந்தேன். உன் அத்தையின் வளையல் நாலும் அடகுக் கடைக்குப் போனது, இரண்டுதான் திரும்பியது. கம்பெனிமீது வைத்த பாசத்துக்கு வீட்டுக்காரி விலை கொடுத்தாள். நீ அதைச் செய்யாதே.

எப்போது போனாலும் நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்துவிட்டுப் போ. 2023-ல் ஆகாசாவில் 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் கிளம்பி, விவகாரம் கோர்ட் வரை போனது. சென்னையைச் சுற்றி நம் தொழில் மிகச் சின்ன உலகம்; பெயர் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

கல்விக் கடனை நினைத்து அவசரப்படாதே. உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

வெள்ளிக்கிழமை ரோஸ்டரில் உன் பெயர் இல்லையென்றால் வீட்டுக்கு வா. அந்தப் பெரிய கம்பெனி அனுப்பிய பாண்ட் பேப்பரையும் எடுத்துவா. கையெழுத்துப் போடுவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துவிடலாம்.

அன்புடன்,
மாமா