எல்லைப்படுத்தும் தாக்கியும் விளைவின் நூற்றுவீதமும்

தமிழில் இரசாயனம் பயில்வது நம்மவர்க்குப் புதிதன்று. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் தமிழ் நூல் 1875 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. ஆயின் நூலிற் கற்றது தராசின் முன்னேதான் உறுதி பெறும். அதற்கு உதவும் எளிய வகுப்புப் பரிசோதனை ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

விநாயக சதுர்த்திக்கு மோதகம் செய்யும் வீட்டில் 50 மோதகத்துக்கு மாவும் 40 மோதகத்துக்கு உள்ளீடும் இருப்பின், 40 மோதகமே கிடைக்கும், மா எஞ்சும். முதலில் தீர்ந்து விளைவை வரையறுக்கும் பொருளே எல்லைப்படுத்தும் தாக்கி எனப்படும். தொழிற்சாலைகளில் விலை மிக்க பொருளை இவ்வாறு எல்லையாக வைத்து, மலிந்ததை மிகையாக இடுவது பெருவழக்கு.

ஈரைதரேற்றாகிய கல்சியம் குளோரைட்டில் 2.94 கிராமும், நீரற்ற சோடியம் காபனேற்றில் 2.65 கிராமும் நிறுத்து, தனித்தனியே நீரிற் கரைத்துக் கலப்போம். கல்சியம் காபனேற்று வெண்ணிற வீழ்படிவாகத் தோன்றும். எது எல்லைப்படுத்தும் தாக்கி? நிறையை மட்டும் நோக்குவோர் சோடியம் காபனேற்றே என்பர். அது பிழை. முன்னையதன் மூற்றிணிவு 147 ஆதலின் அது 0.020 மூல், பின்னையதன் மூற்றிணிவு 106 ஆதலின் அது 0.025 மூல். இவை ஒன்றுக்கொன்றாகத் தாக்கமுறுவன. ஆகவே நிறையில் மிக்க கல்சியம் குளோரைட்டே முதலில் தீரும். சமன்பாட்டில் எண்கள் வேறுபடின், ஒவ்வொரு மூல் அளவையும் அதற்குரிய எண்ணால் வகுத்த பின்னரே ஒப்பிடல் வேண்டும்.

கணக்கைக் கண்ணாலுங் காணலாம். தெளிந்த வடிதிரவத்தை இரு பங்காக்குக. ஒன்றிற் சில துளி கல்சியம் குளோரைட்டுக் கரைசல் இட்டாற் கலங்கும், காபனேற்று எஞ்சியுள்ளது. மற்றையதிற் சோடியம் காபனேற்றுக் கரைசல் இட்டாற் கலங்காது, கல்சியம் தீர்ந்துவிட்டது.

கல்சியம் காபனேற்றின் மூற்றிணிவு 100. எனவே எதிர்பார்க்கத்தக்க விளைவு 2.00 கிராம். கிடைத்தது 1.78 கிராமாயின், விளைவு நூற்றுக்கு 89 வீதம். குறைந்த பங்கு முகவையில் ஒட்டியும் வடிதாளூடே நழுவியும் போயிருக்கலாம். கழுவுநீரிற் கரைந்ததெனக் கூறல் பொருந்தாது. ஒரு லீற்றர் தூய நீரிற் கரைவது ஏறக்குறைய 13 மில்லிகிராமே.

இனிக் கொழும்பு மாணவர் கருத வேண்டுவதொன்றுண்டு. வெள்ளவத்தைக் கடலோரத்திலும் கொட்டாஞ்சேனைத் துறைமுகப் பக்கத்திலும் காற்று ஈரம் மிக்கது. வீழ்படிவைச் சரிவர உலர்த்தாது நிறுத்தால் விளைவு நூற்றைக் கடக்கும். கழுவாது விட்டால் எஞ்சும் உப்பும் நிறையைக் கூட்டும். கல்சியம் குளோரைட்டோ காற்றின் ஈரத்தைத் தானே உறிஞ்சுவது. மூடி திறந்து கிடந்த போத்தலிலிருந்து நிறுத்த 2.94 கிராமில் 0.019 மூலே இருந்ததாகக் கொள்வோம். உண்மையிற் கிடைத்த 1.70 கிராமோடு 0.26 கிராம் ஈரமும் சேர்ந்தால், தராசு 1.96 கிராம் காட்டும்; ஏட்டில் 98 வீதம் எனப் பதிவாகும். இரு பிழைகள் ஒன்றையொன்று மறைத்து அழகிய விடை தந்துவிட்டன! 89 என்று மெய்யாய் எழுதிய மாணவனைவிட 98 என்று எழுதியவன் வல்லவனாகத் தோன்றுவான்.

ஆதலின் எல்லைப்படுத்தும் தாக்கியை மூடிய போத்தலிலிருந்து விரைந்து நிறுத்தல் வேண்டும். மிகையான தாக்கியிற் சிறு பிழை விளைவை மாற்றாது. வீழ்படிவை ஏறக்குறைய 110 பாகை சதமவளவில் உலர்த்தி, உலர்த்தியில் ஆறவிட்டு, அடுத்தடுத்த இரு நிறைகள் ஒன்றாகும் வரை மீண்டும் மீண்டும் நிறுத்தல் வேண்டும்.

நண்பன் ஏட்டைப் பார்த்து எண்ணைத் திருத்துவோரும், நூற்றுக்கு அணித்தாய் வருமாறு பின்னோக்கிக் கணக்கிடுவோரும் எக்காலத்தும் உளர். அவர்கள் இழப்பது சில புள்ளிகளையன்று. பொருள் எங்கே போயிற்று என்று தேடிக் காணும் வாய்ப்பையே இழக்கின்றனர். குறைந்த விளைவு இழுக்கன்று. காரணம் காட்டப்பெற்ற 89, காரணம் அறியாத 98இலும் மேலானது. ஆசிரியர்கள் மதிப்பிடும்போதும் இதனையே அளவுகோலாகக் கொள்வாராயின், நம் ஆய்வுகூடங்களில் மெய்ம்மை வளரும்.