பதவி துறந்து பராமரிப்பை ஏற்றல்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள கொலம்பியா வேதாகமக் கல்லூரியின் தலைவராக 1968 முதல் பணியாற்றிய ராபர்ட்சன் மெக்குவில்கின், அல்சைமர் நோய்க்கு ஆளான மனைவி மியூரியலைக் கவனித்துக்கொள்வதற்காக 1990இல் பதவி விலகினார். அவருடைய தியாகம் போற்றப்படும் அளவுக்கு, அம்முடிவை அவர் எட்டிய விதம் பேசப்படுவதில்லை. வேலையை விடலாமா என்று தவிப்பவருக்குப் பயன்படுவதோ பின்னதுதான்.

நினைவையும் பேச்சையும் படிப்படியாக அழிக்கும் அந்நோயின் அறிகுறிகள் தென்பட்டவுடன் அவர் விலகிவிடவில்லை. துணைக்கு ஒருவரை வீட்டில் அமர்த்திவிட்டு ஆண்டுக்கணக்கில் கல்லூரிக்குச் சென்றுவந்தார். ஆனால் கணவர் கண்ணில் படாதபோதெல்லாம் மியூரியலை அச்சம் பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ அரை மைல் தொலைவிலிருந்த கல்லூரிக்கு அவரைத் தேடி ஒரே நாளில் பலமுறை விரைந்து நடந்தார். ஓர் இரவு உடைமாற்றிவிடும்போது மனைவியின் பாதங்களில் இரத்தம் கசிந்திருந்ததைக் கணவர் கண்டார். சம்பளத்துக்கு அமர்த்தப்படுபவரால் ஈடுசெய்ய முடிந்த தேவை எது, முடியாதது எது என்பது இவ்வாறு கண்ணெதிரே தெளிவானது. ஆகவே, நோயாளி எந்நேரத்தில் கலங்குகிறார், எவர் அருகிலிருந்தால் அடங்குகிறார் என்பதைச் சில வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவது, குற்றவுணர்வு உந்தும் வேகத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதைவிட நம்பத்தக்க வழியாகும்.

இறைப்பணியை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பது தகுமா என்ற ஐயத்துக்கு மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் நேரடியாகவே விடை தருகிறது. பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிக் கடமையிலிருந்து நழுவும் ‘கொர்பான்’ என்ற நேர்த்தி வழக்கத்தை இயேசு அங்கே கண்டிக்கிறார். மார்ட்டின் லூத்தரும், திருமண வாழ்க்கை குறித்து 1522இல் எழுதிய நூலில், விசுவாசத்தோடு குழந்தையின் அழுக்குத் துணியை அலசும் தகப்பனைக் கண்டு கடவுள் மகிழ்வதாகக் கூறுகிறார். அவர் தகப்பனை எடுத்துக்காட்டினார் என்பது, வேத வசனத்தைச் சொல்லி மகளையோ மருமகளையோ மட்டும் வேலையை விடச் செய்யும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது. காப்பகத்தை நாடுவோர் விசுவாசத்தில் குறைந்தவர் என்று தீர்ப்பிடவும் இவ்விரண்டிலும் இடமில்லை.

வேலையை விடத் தீர்மானிப்பவர், வங்கிக் கணக்கு, காப்பீடு, சொத்து தொடர்பான ஆவணங்களை நோயாளி தெளிவோடு கையெழுத்திடும் நிலையில் இருக்கும்போதே ஒழுங்குசெய்துவிட வேண்டும். வருமானம் நின்ற பிறகு இவற்றுக்கு அலைவது இரட்டைச் சுமை.

மெக்குவில்கின் 2003இல் மனைவி இறக்கும்வரை, அதாவது பதவி விலகியபின் ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள், இப்பணியைத் தொடர்ந்தார். இத்தனை நீண்ட காலத்துக்கு ஜெபம் ஒன்றே போதும் என்று கருதுவோர், 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் சாக விரும்பிப் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தவை உறக்கமும் அடையும் தண்ணீரும்தான், அறிவுரை அன்று என்பதை நினைவிற்கொள்ளலாம். பராமரிப்பவர் ஓய்வெடுப்பதற்காக வேறொருவர் சற்றுநேரம் பொறுப்பேற்கும் மாற்றுப் பராமரிப்பைச் சபையாரிடம் கேட்கும்போது, பொதுவாக உதவி வேண்டுவதைவிட, செவ்வாய் மாலை நான்கு முதல் ஆறு வரை என்று நாளும் நேரமும் குறித்துக் கேட்பதே பலன் தரும். ஏனெனில் நல்லெண்ணமுள்ள பலருக்கும் என்ன செய்வதென்று தெரியாததே தயக்கத்தின் காரணம்.