படம் வருகிறது, சத்தம் எங்கே போனது?

கேள்வி: எங்கள் வீடு மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. மடிக்கணினியின் திரை உடைந்துபோனதால் 22 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கி எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தேன். படம் பளிச்சென்று வருகிறது. மடிக்கணினியின் ஸ்பீக்கரில் சத்தம்தான் நின்றுவிட்டது. பாட்டு ஓடும்போது கேபிளைப் பிடுங்கினால் சத்தம் திரும்பி வருகிறது. இதுதவிர, சில நாள் காலையில் மானிட்டர் ‘நோ சிக்னல்’ என்று காட்டி நிற்கிறது. மதியத்துக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. பழுதுபார்க்கும் கடையில், “உப்புக் காத்து பட்டு போர்டு போயிடுச்சு, மாத்தணும்” என்கிறார்கள். முன்பு பழைய மானிட்டரை விஜிஏ வயரில் மாட்டியிருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. உப்புக் காற்றுதான் காரணமா?

– வாசகர், மரக்காணம்

பதில்: விடையில் பாதியைக் கேள்வியிலேயே எழுதி அனுப்பிவிட்டீர்கள். கேபிளைப் பிடுங்கியதும் சத்தம் திரும்புகிறது என்கிறீர்களே, போர்டின் ஒலிச்சுற்று நன்றாக இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு வரியே போதும். அரித்துப்போன ஒலிச்சுற்று, கேபிளை எடுத்ததும் பிழைத்துக்கொள்ளாது. ஆனால் காலை நேரத்து ‘நோ சிக்னல்’ வேறு சங்கதி. அதில் உப்புக்குப் பங்கு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தனித்தனியான இரண்டு கோளாறுகளைக் கடைக்காரர் ஒரே காரணத்தில் சேர்த்துக் கட்டிவிட்டார். நாம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சத்தம். உங்கள் பழைய விஜிஏ வயர் 1987-இல் வந்த ஏற்பாடு. அதன் 15 ஊசிகளும் படத்துக்காகவே; ஒலிக்கு அதில் வழியே கிடையாது. அதனால் மானிட்டரை மாட்டினாலும் சத்தம் மடிக்கணினியிலேயே தங்கியது. எச்டிஎம்ஐயின் முதல் பதிப்பு 2002 டிசம்பரில் வெளியானது. படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் அனுப்புவதற்கென்றே உருவானது அது.

அனுப்பும் விதம் அழகானது. 1,920 x 1,080 அளவுள்ள படத்தில் ஒரு வரிக்கு 1,920 புள்ளிகள். ஆனால் கேபிளில் ஒவ்வொரு வரிக்கும் 2,200 புள்ளிகளுக்கான நேரம் ஒதுக்கப்படுகிறது. மிச்சமுள்ள 280 புள்ளி நேரம், பழைய பிக்சர் டியூப் காலத்தில் எலெக்ட்ரான் கற்றை அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்புவதற்காக விட்ட இடைவெளி. இன்றைய திரையில் கற்றை இல்லை. இடைவெளி மட்டும் நிலைத்துவிட்டது. அந்த வெற்று நேரத்தில்தான் எச்டிஎம்ஐ ஒலியைச் சிறு சிறு பொட்டலங்களாக ஏற்றி அனுப்புகிறது.

சரி, ஒலியை மானிட்டருக்கு அனுப்பச் சொன்னது யார்? மானிட்டரேதான். கேபிளைச் செருகியதும் கணினி, மானிட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு நினைவகத்தைப் படிக்கும். அதிலுள்ள தகவலுக்கு இடிஐடி என்று பெயர். மானிட்டரின் அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளலாம். என்ன அளவுப் படம் காட்ட முடியும், ஒலி வாங்க முடியுமா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஸ்பீக்கரே இல்லாமல், ஹெட்போன் செருகும் துளை மட்டும் உள்ள மானிட்டர்களும் ‘ஒலி வாங்குவேன்’ என்றே சொல்லும். விண்டோஸ் அதை நம்பி, புதிதாக வந்த சாதனத்துக்கு ஒலியைத் திருப்பிவிடுகிறது. உப்பளத்தில் மடையை வேறு பாத்திக்குத் திருப்பிவிட்டால் பழைய பாத்தி காய்ந்து கிடக்குமே, அதேதான் இங்கும். சத்தம் நிற்கவில்லை, ஸ்பீக்கர் இல்லாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இதைச் சரிசெய்யச் செலவு எதுவும் இல்லை.

1. திரையின் கீழ் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்துங்கள். ஒலி அளவுக் கோட்டின் பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் ஒலி போகக்கூடிய இடங்களின் பட்டியல் விரியும். மானிட்டரின் பெயர் தேர்வாகியிருக்கும்; ‘ஸ்பீக்கர்ஸ்’ என்பதை அழுத்துங்கள். பெரும்பாலும் அந்த நொடியே பாட்டு கேட்கும்.

2. அடுத்த முறை கேபிளைச் செருகும்போது மறுபடி மாறாமலிருக்க, விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ என்பதைத் திறங்கள். ‘பிளேபேக்’ பகுதியில் மானிட்டரின் பெயர்மேல் வலது பொத்தானை அழுத்தி ‘டிசேபிள்’ கொடுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரை, அதாவது திரையை இயக்கும் மென்பொருளைப் புதுப்பித்தால் மானிட்டரின் பெயர் பட்டியலுக்குத் திரும்பிவிடலாம். அப்போது இதையே மறுபடி செய்ய வேண்டும்.

3. மானிட்டரின் பின்புறம் ஹெட்போன் துளை இருந்தால், வெளி ஸ்பீக்கர் ஒன்றை அங்கேயே மாட்டலாம். அப்படிச் செய்தால் மேலே சொன்ன இரண்டும் வேண்டாம்; பட்டியலில் மானிட்டரே தேர்வாகியிருக்கட்டும். சத்தம் குறைவாகத் தெரிந்தால் மானிட்டரின் சொந்த மெனுவிலும் ஒலி அளவைக் கூட்டிப் பாருங்கள்.

இனி உப்பு. மரக்காணத்துக்காரர் பலரும் உப்பளத்தைத்தான் குற்றம் சொல்வார்கள். ஆனால் பாத்தியில் இருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு பாத்தியிலேயே தங்குகிறது. தங்காவிட்டால் உப்பு வாரும் தொழிலே இல்லை. குவியலில் இருந்தும் லாரி ஏற்றும்போதும் கொஞ்சம் தூசு பறக்கலாம். என்றாலும் காற்றில் வரும் உப்பில் பெரும்பங்கு கடல் அலையில் இருந்து வருவது. அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்து நுண்துளிகள் தெறிக்கின்றன. அவை காற்றிலேயே காய்ந்து, உப்புத் துகளாகி, கடற்காற்றோடு ஊருக்குள் வருகின்றன. அதனால் பாத்திக்கு எந்தப் பக்கம் வீடு என்பதைவிட, கடலைப் பார்த்த ஜன்னலோரம் கணினி இருக்கிறதா என்பதே முக்கியம்.

காய்ந்த உப்பு பெரிதாகத் தொல்லை செய்யாது. காற்றின் சார்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது, 75-ஐத் தாண்டினால்தான் வினை தொடங்கும். அந்த அளவைத் தாண்டியதும் சாதா உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைகிறது. நம் கடற்கரையில் இரவிலும் விடியலிலும் ஈரப்பதம் இந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். கேபிள் முனையில் படிந்த துகள் அப்போது உப்புநீர்ப் படலமாகிறது. முனையில் பூசியிருக்கும் தங்க முலாம் அரிபடாது என்பது சரிதான். ஆனால் முலாம் மிக மெல்லியது, அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே உப்புநீர் கீழேயுள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்கும். முனையில் பச்சை நிறம் தெரிந்தால் செம்பு அரிபடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எச்டிஎம்ஐ முனையில் 19 தொடுமுனைகள் நெருக்கமாக இருக்கின்றன. அடையாள அட்டையைப் படிக்க அவற்றில் இரண்டு, மானிட்டர் இருக்கிறது என்று தெரிவிக்க ஒன்று. இந்த மூன்றில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் மானிட்டர் இருப்பதே கணினிக்குத் தெரியாமல் போகலாம். ‘நோ சிக்னல்’ என்று வரும். வெயில் ஏறி ஈரம் வற்றியதும் தொடர்பு மீள்கிறது. காலையில் தகராறு, மதியம் சரி என்ற உங்கள் அனுபவம் இதோடு பொருந்துகிறது.

இதற்கான மருத்துவமும் எளிது. முதலில் மானிட்டரின் ‘சோர்ஸ்’ மெனுவில் எச்டிஎம்ஐ தேர்வாகியிருப்பதை உறுதிசெய்யுங்கள். பிறகு கணினியை முழுதாக அணைத்து, கணினி, மானிட்டர் இரண்டின் மின்சாரத்தையும் துண்டித்துக் கேபிளைக் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான சிறு பிரஷ்ஷைத் தொட்டு, கேபிளின் இரு முனைகளையும் துளைகளின் உட்புறத்தையும் மெதுவாகத் துடைத்து, முழுதாக உலரவிட்டு மாட்டுங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம்; அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாமே போய்விடும். வாயால் ஊதுவதும் கூடாது. ஊதும் காற்றில் ஈரம் இருக்கிறது.

சுத்தம் செய்தபின் கேபிளை அடிக்கடி கழற்றாதீர்கள். செருகியிருக்கும் முனையில் உப்பு எளிதில் படியாது. காலியாக இருக்கும் துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். கணினியை நாள்கணக்கில் மூடி வைக்காமல் பயன்படுத்துவதும் நல்லது. ஓடும் கணினி சுற்றுக் காற்றைவிடச் சற்றுச் சூடாக இருப்பதால் அதன்மேல் ஈரம் தங்குவது குறைவு.

இனி உங்கள் கேள்விக்கு நேரான பதில். சத்தம் போனதற்குக் காரணம் விண்டோஸின் ஒலி அமைப்பு. காலையில் சிக்னல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் முனையில் படிந்த உப்பு. உப்பால் வரும் ஒலிக்கோளாறு இப்படி ஒரேயடியாக வராது. ஹெட்போன் துளையில் கரகரக்கும், பின்னைத் திருகினால் வந்து வந்து போகும், ஒரு பக்கம் மட்டும் கேட்கும். அமைப்பைப் பார்த்து, முனையைத் துடைத்து, வேறு ஒரு கேபிளையும் போட்டுப் பார்த்தபின் கோளாறு தொடர்ந்தால் போர்டைப் பற்றிப் பேசலாம். அதுவரை கடைக்காரரிடம் பணம் கொடுக்காதீர்கள்.