பத்தாண்டுக்கு ஓர் எண்

அன்புள்ள வாசகருக்கு,

1901 முதல் 2011 வரை இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தந்த பன்னிரண்டு எண்களை ஆர் நிரல்மொழியில் காலவரிசைத் தரவுக்கான டிஎஸ் ஃபங்ஷனில் ஏற்றினால், 1901 முதல் 1912 வரை என்று காட்டுகிறதே எனக் கேட்டிருந்தீர்கள்.

தொடக்க ஆண்டை மட்டும் கொடுத்தால், ஆண்டுக்கு ஓர் எண் என்றே அது எடுத்துக்கொள்ளும். 23.8 கோடி 121 கோடியாக 110 ஆண்டுகள் பிடித்தன. உங்கள் வரைபடத்தில் அது பதினோரே ஆண்டுகளில் நடந்துவிடுகிறது. 2001க்கும் 2011க்கும் இடைப்பட்ட 17.7 சதவீத வளர்ச்சியும் ஓராண்டு வளர்ச்சி ஆகிவிடும். உண்மையில் ஆண்டுக்குச் சுமார் 1.6 சதவீதம்தான்.

ஃப்ரீக்வென்சி என்ற இடத்தில் 0.1 என்று கொடுங்கள். ஓர் ஆண்டுக்கு எத்தனை எண்கள் என்பதே அதன் பொருள். மாதத் தரவுக்கு 12, காலாண்டுத் தரவுக்கு 4. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுப்பதற்குப் பத்தில் ஒன்று. பின்னம் குழப்பினால், அதற்குப் பதிலாக டெல்டாட்டி 10 என்று இடைவெளியையே சொல்லலாம். ஆர் மொழியோடு சேர்ந்தே வரும் யுஎஸ்பாப் என்ற அமெரிக்கத் தரவைத் திறந்து பாருங்கள். 1790 முதல் 1970 வரை 19 எண்கள், ஃப்ரீக்வென்சி 0.1.

இரு கணக்கெடுப்புகளுக்கு நடுவிலுள்ள ஒன்பது ஆண்டுகளை நேர்கோட்டால் நிரப்பிவிட மட்டும் வேண்டாம். 1911இல் 25.2 கோடி, 1921இல் 25.1 கோடி. கோடு போட்டால் மக்கள்தொகை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததாகத் தோன்றும். நடந்தது வேறு. 1918இன் இன்ஃப்ளூயன்சா சில மாதங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அவ்வளவு பெரிய உயிரிழப்பை அந்தக் கோடு மறைத்துவிடும். நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

இன்னொன்று. 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. டிஎஸ் ஃபங்ஷனுக்குச் சம இடைவெளி வேண்டும். 2021ஐ விடுபட்ட மதிப்பாகக் குறிக்கலாம். 2027க்கு அந்த வரிசையில் இடமே இல்லை. அப்போது ஸூ என்ற தொகுப்புக்கு மாறுங்கள். அதில் ஒவ்வோர் எண்ணும் தன் தேதியைத் தன்னோடு வைத்திருக்கும்.

இப்போதைக்கு, எண்களை ஏற்றியதும் டைம் ஃபங்ஷனை ஒருமுறை ஓட்டுங்கள். 1901, 1911, 1921 என்று ஆண்டுகள் வரிசையாக வந்த பிறகே வரைபடத்தைத் தொடுங்கள்.

அன்புடன்,
கட்டுரையாளர்